தீவுருக் கொண்ட சிறுகப்பல்

கடற்போர் வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் பெருங்கப்பல்களின் வெற்றி தோல்விகளையே விரித்துரைப்பர். அக்கப்பல்கள் செல்லும் வழியைக் காத்த சிறு கப்பல்களின் பணி சில வரிகளுள் அடங்கிவிடும். அத்தகைய சிறு கப்பல்களுள் ஒன்று, ஒல்லாந்தர் கடற்படையைச் சேர்ந்த ‘ஆபிரகாம் கிரைன்சன்’. படைவலி பயன்படாவிடத்து அறிவும் பொறுமையும் எத்துணை உதவும் என்பதற்கு அதன் வரலாறு சான்றாகும்.

1936 இல் நீரிலிறக்கப்பட்டு 1937 இல் சேவையில் இணைந்த அக்கப்பல் ஏறத்தாழ 184 அடி நீளமுடையது. மாலுமிகள் 45 பேர். உச்ச வேகம் மணிக்கு 15 கடல்மைல். பீரங்கி ஒன்றும் விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள் இரண்டுமே அதன் முதன்மைப் படைக்கலங்கள். கண்ணிவெடிகளை அகற்றுதலே அதன் தொழில். கடலடியிற் பிணிக்கப்பட்டு நீருள் மறைந்து நிற்கும் வெடியின் கட்டுக்கம்பியை, கப்பல் தன் பின்னே இழுத்துச் செல்லும் உருக்குவடம் அறுத்துவிடும். மேலெழுந்து மிதக்கும் வெடியைச் சுட்டழிப்பர். இத்தொழிலுக்கு வேண்டுவது விரைவன்று; நிதானமும், ஆழங்குறைந்த நீரிற் செல்லும் அமைப்புமேயாம்.

1942 பெப்ரவரி 15 இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. 27 ஆந் திகதி நிகழ்ந்த யாவாக் கடற்போரில் ஒல்லாந்தரின் ‘டி றைற்றர்’, ‘யாவா’ என்னும் பெருங்கப்பல்கள் இரண்டும் மூழ்கின; தளபதி கறெல் டோர்மனும் உயிர்துறந்தார். எஞ்சிய நேசநாட்டுக் கப்பல்கள் அவுஸ்திரேலியாவுக்குச் செல்லுமாறு பணிக்கப்பட்டன. சுரபாயாவில் நின்ற கிரைன்சன் வேறு மூன்று கப்பல்களுடன் செல்ல வேண்டியிருந்தும், முடிவில் தனித்தே புறப்பட்டது. வானும் கடலும் யப்பானியர் வசமாயிருந்தன. ஓடித் தப்ப விரைவில்லை; எதிர்த்துப் பொருதற்கு வலியில்லை. எஞ்சியது மறைதல் ஒன்றே.

மாலுமிகள் அயற்றீவுகளில் மரங்களையும் கிளைகளையும் வெட்டிக் கொணர்ந்து கப்பலை மூடினர்; மூடப்படாத இடங்களுக்குப் பாறைபோல் வண்ணந் தீட்டினர். பகலிற் கரையோரம் நங்கூரமிட்டு அசையாது நின்று, இரவில் மட்டுமே பயணஞ் செய்தனர். எண்ணற்ற தீவுகள் செறிந்த அக்கடலில் இன்னுமொரு சிறுதீவு எவர்க்கும் ஐயந் தராது; ஆயின் நகருந் தீவு தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். ஆதலால் இலைமறைவினும் அசையாமையே அவர்க்குச் சிறந்த அரணாயிற்று எனலாம். 1942 மார்ச் 20 இல் அக்கப்பல் மேற்கு அவுஸ்திரேலியாவை அடைந்தது.

அதன் இனக் கப்பல்கள் அங்ஙனம் உய்ந்தில. ‘பீற்றர் டி பிற்றர்’, ‘இலாண்ட் டூபுவா’ என்பன பகைவர் கைப்படாவண்ணம் தம்மவராலேயே மூழ்கடிக்கப்பட்டன. ‘யான் வான் அம்ஸ்ரெல்’ மார்ச் 8 இல் யப்பானிய நாசகாரிக் கப்பலொன்றினால் அழிக்கப்பட்டது. இவற்றை நோக்குமிடத்து, கிரைன்சன் உய்ந்ததற்கு மதியோடு நல்லூழும் துணைநின்றது என்பதே நடுநிலையான முடிபாகும்.

1942 செப்டெம்பரில் அவுஸ்திரேலியக் கடற்படையிற் சேர்க்கப்பட்ட அக்கப்பல் வணிகக் கப்பல்களுக்குக் காவலாய்ச் சென்றது. 1943 மே மாதம் மீண்டும் ஒல்லாந்தர் கொடியை ஏற்றது. 1945 இல், யப்பானியர் சரணடைவை ஏற்க வருவோர்க்காகத் தீமோரிலுள்ள குப்பாங் துறையிற் கண்ணிவெடிகளை அகற்றியது. போர் முடிந்தபின், இந்தோனேசியரின் விடுதலைப் போராட்டத்துக்கு எதிரான காவற்பணியிலும் அது ஈடுபடுத்தப்பட்டது. ஆக்கிரமிப்புக்குத் தப்பி ஓடிய கப்பலே பிறர் விடுதலைக்குத் தடையாக நின்றமை வரலாற்றின் முரண்பாடு. முன்னதைப் புகழ்வோர் பின்னதை மறைத்தல் தகாது.

1960 இல் கடற்படைப் பட்டியலினின்றும் நீக்கப்பட்டுச் சிறார் கடற்பயிற்சிக்குப் பயன்பட்ட அக்கப்பல், 1995 இல் டென் ஹெல்டர் நகரக் கடற்படை அரும்பொருளகத்தைச் சேர்ந்தது. யாவாக் கடற்போரில் மூழ்கிய பெருங்கப்பல்கள் பெயரளவில் நினைக்கப்பட, வழி தூய்மை செய்யப் பிறந்த சிறுகப்பல் கண்கூடாய் நின்று அக்காலத்தின் துணிவையும் தவற்றையும் ஒருங்கே உணர்த்துகின்றது.