நாட்காட்டியில் இல்லாதவர்கள்

கிறிஸ்தவ நாடுகளில் இல்லச் சுவர்களை அலங்கரிக்கும் சமய நாட்காட்டிகளிலே துறவு மட வாழ்வைச் சித்திரிக்கும் ஓவியங்களுக்குத் தனியிடம் உண்டு. திங்கள்தோறும் ஓர் ஓவியம். அதனடியில் ஒரு வேதவாக்கியம். ஏடெழுதும் துறவி, தோட்டம் பேணும் துறவி, தூண்டிலிடும் துறவி - யாவர் முகத்திலும் அமைதி. இவ்வமைதி எங்கிருந்து வந்தது என்பதை வரலாற்றின் துணைகொண்டு நோக்குவோம்.

இவ்வகை ஓவியங்களுள் புகழ்பெற்றது, ஆங்கில ஓவியர் வால்ரர் டென்டி சட்லர் 1880இல் தீட்டிய ‘வியாழக்கிழமை’ என்பதாகும். மறுநாள் வெள்ளி, புலால் விலக்கும் நாள். ஆதலின் துறவிகள் ஆற்றங்கரையிலே மீன் பிடிக்கின்றனர். ஆனால் 8ஆம் ஹென்றி மன்னன் இங்கிலாந்தின் மடங்களைக் கலைத்தது 1536 முதல் 1540 வரையிலாகும். மடங்கள் மறைந்து மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலான பின்னரே இவ்வோவியம் பிறந்தது. ஆலைப் புகை சூழ்ந்த நகரத்து நடுத்தர வர்க்கம், தான் இழந்துவிட்டதாக எண்ணிய அமைதியை மடத்து மதில்களுக்குள்ளே தேடிற்று. ஆகவே, ஓவியத்திற் காண்பது மத்தியகால வாழ்வன்று. அதைப் பற்றிய பிற்கால ஏக்கமே எனலாம்.

மடங்களின் தொண்டை மறுப்பதற்கில்லை. நாட்காட்டியின் ஆண்டுக் கணக்கே 525இல் உரோமையில் வாழ்ந்த தியோனீசியஸ் என்னும் துறவி வகுத்தது. 725இல் காலக்கணிதம் பற்றி நூலெழுதிய ஆங்கிலத் துறவி பீட் அதனைப் பரப்பினார். தமிழ்க் கத்தோலிக்கர் ஆசீர்வாதப்பர் என அழைக்கும் பெனடிக்ற், 6ஆம் நூற்றாண்டிலே தம் மடத்தார்க்கு வகுத்த ஒழுங்கில் உடலுழைப்பையும் கடமையாக்கினார். உடலுழைப்பு அடிமைகளுக்கே உரியதெனக் கருதப்பட்ட உலகில் இஃது அரியதொரு கருத்தாகும்.

ஆயினும் மடங்கள் பெருநிலம் பெற்றபோது நிலைமை மாறிற்று. 1098இல் தோன்றிய சிஸ்ரேசியன் சபை, உழைப்பின் மேன்மையை மீட்கவே எழுந்தது. அச்சபையிலும் வயல்வேலையின் பெரும்பகுதி, குருத்துவம் பெறாத வேலைச் சகோதரர் தோளிலேயே விழுந்தது. சில செபங்களை மனனஞ் செய்வதற்கு மேல் அவர்கள் கற்றலாகாது, நூல் வைத்திருத்தலாகாது என்பது சபையின் விதி. ஏடும் ஏரும் ஒரே மதிலுக்குள்ளேயே பிரிந்து நின்றன.

மதிலுக்கு வெளியே வாழ்ந்தோர் நிலையை அறிய இங்கிலாந்தின் சென் அல்பன்ஸ் மடம் தக்க சான்றாகும். 1327 முதல் 1336 வரை அதன் தலைவராயிருந்த வாலிங்போர்ட் றிச்சட், ஒரு கொல்லனின் மைந்தர். ஒக்ஸ்போட்டிற் கற்ற கணித மேதை. ஞாயிறு, திங்கள் ஆகியவற்றின் இயக்கத்தைக் காட்டும் வியத்தகு மணிக்கூட்டை வகுத்தவர் அவரே. அவரே ஊர்மக்களின் திரிகைகளையும் பறித்தார். தானியத்தை மடத்து ஆலையிலே கூலி கொடுத்தே அரைத்தல் வேண்டும் என்பது நிலமானிய உரிமை. பறித்த திரிகைக் கற்களை மடத்துக் கூடமொன்றின் தளத்திற் பதித்தனர். மக்களின் தோல்வி அவர்தம் கண்முன்னே தளமாய்க் கிடந்தது.

1381இல் உழவர் கிளர்ச்சி மூண்டபோது ஊரார் மடத்துட் புகுந்து அக்கற்களைப் பெயர்த்தனர். உடைத்து, கோயிலில் ஆசீர்வதித்த அப்பத்தைப் பகிர்வது போலத் தமக்குள் பகிர்ந்துகொண்டனர். கிளர்ச்சி அடக்கப்பட்டது. மக்களின் தலைவர் வில்லியம் கிரின்ட்கோப் தூக்கிலிடப்பட்டார். மனிதர் யாவரும் சமமெனப் போதித்த ஜோன் போல் என்னும் குருவானவரும் அவ்வாண்டு யூலை 15ஆம் நாள் அவ்வூரிலேயே கொல்லப்பட்டார்.

கற்களை அப்பமாகப் பகிர்ந்தோர் சமயத்தை வெறுத்தவரல்லர். அவர்கள் வேண்டியது, தம் தானியத்தைத் தம் வீட்டிலே அரைக்கும் உரிமையே. ஆதலின், நாட்காட்டியைச் சுவரில் மாட்டும் எளியோரின் பக்தியை எள்ளுதல் நம் நோக்கமன்று. ஆனால் அத்தகைய ஓவியம் மாணவர் கண்ணிற் படுகையில், அந்த ஆறு யாருக்குரியது, மேசைமீதுள்ள அப்பத்துக்கு மாவரைத்தவர் யார் என அவர்களை வினவத் தூண்டுதல் ஆசிரியராகிய நம் கடனாகும்.