சுண்டூர் இளவரசன்

மணமேல்குடியிலிருந்து அறந்தாங்கி வழியாகப் புதுக்கோட்டை செல்லும் நமக்கு, அவ்வூர் சமஸ்தானத் தலைநகராய் இருந்த காலத்தை எண்ணும்போதெல்லாம் பி. யு. சின்னப்பாவின் நினைவும் உடன் வரும். நம் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தோடு சேர்ந்தது 1974இல்தான். அவருடைய பாட்டோ அதற்கு வெகுகாலம் முன்பே எல்லை கடந்துவிட்டது. அவர் திரையில் தோன்றிய வரலாற்றில் முஸ்லிம் பெருமகன் ஒருவருக்கும் பங்குண்டு என்பதாலேயே இதனை எழுதப் புகுந்தோம்.

நாடக நடிகர் உலகநாத பிள்ளையின் மகனாக 1916இல் பிறந்த சின்னப்பா, மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பாடி நடித்துப் புகழ் பெற்றார். பாலர் நாடக நடிகனுக்குக் குரல் உடையும் பருவம் பெருஞ்சோதனை. அது அவரையும் விடவில்லை. கம்பெனியை விட்டு விலகியவர் முறையாகச் சங்கீதம் பயின்றார், சிலம்பமும் கற்றார்.

1936இல் ஜே. ஆர். ரங்கராஜுவின் 'சந்திரகாந்தா' நாவலை ஜூபிடர் நிறுவனத்தார் படமாக்கினர். இயக்கியவர் ராஜா சாண்டோ. சின்னப்பாவுக்குச் சுண்டூர் இளவரசன் வேடம். அதுவே அவருடைய முதற்படம்.

ஜூபிடரின் கூட்டாளிகள் எம். சோமசுந்தரமும் ஜனாப் எஸ். கே. மொகிதீனும் ஆவர். 'ஜூபிடர் சோமு'வை அறிந்தோர் பலர். மொகிதீனை அறிந்தோர் நம்மவரிலேயே சிலர்தாம்.

அந்நாளில் தமிழ்ப் படங்களில் பின்னணிப் பாட்டு இல்லை. 1938இல் 'நந்தகுமார்' படத்தோடுதான் அது வந்தது. அதுவரை நடிகரே காமிராவின் முன் நடித்துக்கொண்டே பாடவேண்டும். பக்கவாத்தியக்காரர் காமிராவின் பார்வையில் படாமல் ஒதுங்கியிருந்து வாசிப்பர். இடையில் பிசகினால் மீண்டும் பாடவேண்டியதுதான்! பட முதலாளிகள் மேடைப் பாடகர்களைத் தேடி அலைந்ததன் காரணம் இதுவே. கடல் கடந்த அமெரிக்காவிலும் பாடகர்க்குத் திரை கதவு திறந்தது. வானொலியில் பாடிவந்த ஜீன் ஆட்ரி, 1934இல் கௌபாய்ப் படமொன்றில் சிறு வேடத்தில் தோன்றிப் பாடினார். மறு ஆண்டே கதாநாயகரானார்.

சின்னப்பாவுக்குக் காலம் அத்துணை விரைவில் கனியவில்லை. அடுத்து வந்த படங்கள் அவரை உயர்த்தவில்லை. மனம் வெறுத்து மௌனவிரதம் பூண்டார். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அதிபர் டி. ஆர். சுந்தரம் அவரை அழைத்து, 1940இல் 'உத்தமபுத்திரன்' படத்தில் இரட்டை வேடம் அளித்தார். மீண்டும் ஜூபிடர் அவரை நாடியது. முன்பு இளவரசனாக வந்துபோனவர், 1942இல் அவர்களது 'கண்ணகி'யில் கோவலனாக நின்றார். கண்ணகியாகக் கண்ணாம்பா நடித்தார்.

ஈட்டிய பொருளில் புதுக்கோட்டையிலே அவர் வீடுகளாக வாங்கிக் குவிக்க, இனி வாங்கலாகாது எனச் சமஸ்தானமே தடை விதித்ததாகச் சொல்வர். 1951இல், தம் 35ஆம் வயதில், அவ்வூரிலேயே அவர் மறைந்தார்.