கவிழ்த்துப் பார்த்து விலை சொல்லுங்க

ஊர் உலகத்துல எவ்வளவோ பிரச்சினை இருக்க, இவன் பழைய கிடார் விலையைப் பத்தி எழுத வந்துட்டானேன்னு நினைக்காதீங்க. ஒருமுறை ஏமாந்ததும், ஒருமுறை ஏமாற்ற இருந்ததுமான கதை இது. நடுவுல கொஞ்சம் சரித்திரம் வரும். பொறுத்துக்கோங்க.

முதல்ல ஏமாந்த கதை. 2011ல் டாலஸ் பக்கம் ஒரு பழைய வாத்தியக் கடை (பேர் வேண்டாம்). கண்ணாடி ஜன்னலோரம் ஒரு ஷோ-பட் மேவரிக் நின்னுக்கிட்டிருந்தது. 10 தந்தி, மூணு பெடல், ஒரே ஒரு முழங்கால் லீவர். "விண்டேஜ்" என்று அட்டை தொங்கியது. கடைக்காரர் "40 வருஷத்துப் பொருள் சார், இனிமே இப்படிச் செய்யமாட்டாங்க" என்றார். 1,500 டாலர் எண்ணி வைத்தேன். அடுத்த வாரம் வாத்தியார்கிட்ட காட்டினேன். மனுஷர் ட்யூன்கூடப் பண்ணிப் பார்க்கலை. அப்படியே தலைகீழாக் கவிழ்த்து ஒரு நிமிஷம் அடிவயிற்றைப் பார்த்துட்டு, "இதுல பாதி கொடுத்திருந்தாலே ஜாஸ்தி" என்றார். ரெண்டு வருஷம் கழிச்சு நான் விற்றது 650க்கு.

அவர் ஏன் மேலே பார்க்காமல் கீழே பார்த்தார் என்பது எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆச்சு. அதுக்கு இந்த வாத்தியம் வந்த வழி தெரியணும்.

பெடல் ஸ்டீல் தெரியாதவங்களுக்கு: நாலு கால் மேசை மாதிரி நிற்கும். முன்னால உட்கார்ந்து, இடது கையில் பிடித்த இரும்பு உருளையைத் தந்தி மேல் வழுக்கிக்கிட்டே வலது கையால் மீட்டணும். நம்ம கோட்டு வாத்தியத்தில் மரக்கட்டையை வழுக்கி வாசிக்கிறாங்களே, அதே தத்துவம்தான். ஆனா இங்க கால்களுக்கும் முழங்கால்களுக்கும் தனி வேலை இருக்கு. அமெரிக்க கன்ட்ரி பாட்டில் பின்னணியில் ஒண்ணு அழுதுக்கிட்டே இருக்குமே, அதான் இது.

ஆரம்பம் ஹவாய். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜோசப் கெக்குக்கு என்ற பையன் கிடாரை மடியில் படுக்க வைத்து இரும்புத் துண்டால் வழுக்கி வாசித்ததுதான் தொடக்கம் என்பார்கள். 1915ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா-பசிபிக் கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்கா பூராவும் இந்த ஹவாய்ப் பைத்தியம் பிடிச்சிருச்சு. அது நம்ம பக்கமும் வந்தது. டாவ் மோ என்ற ஹவாய்க் கலைஞர் 1940களில் கல்கத்தாவில் தங்கி வாசித்தார், சொல்லிக் கொடுத்தார். பின்னால் சுனில் கங்குலி ஹிந்திப் பாட்டையெல்லாம் ஹவாயன் கிடாரில் வாசித்த ரெக்கார்டுகள் வந்தன. எங்க அப்பாகிட்ட அதுல ஒரு கேசட் இருந்தது. எனக்கு வியாதி தொத்திக்கிட்டது அங்கதான்!

சரி, விஷயத்துக்கு வருவோம். ஹவாயன் கிடாரில் ஒரு சிக்கல் உண்டு. இரும்புத் துண்டு நேரா இருக்கும், விரல் மாதிரி வளையாது. அதனால தந்திகளை எந்தச் சுருதியில் கட்டியிருக்கோமோ, அந்த வகைக் கார்டுதான் மேலேயும் கீழேயும் நகரும். வேற வகை வேணுமா? வேற சுருதியில் கட்டிய இன்னொரு கழுத்து வேணும். ரெண்டு கழுத்து, மூணு கழுத்து, நாலு கழுத்துன்னு கிடார்கள் வளர்ந்தது இப்படித்தான். அப்புறம் ஒருத்தருக்குத் தோணியிருக்கு, கழுத்தை மாத்துறதுக்குப் பதிலா காலால் மிதிச்சு சுருதியை மாத்தினால் என்னன்னு. 1940ஐ ஒட்டி கிப்சன் கம்பெனி எலக்ட்ராஹார்ப் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பெரிசாப் போணியாகலை.

அடுத்து பால் பிக்ஸ்பி. கலிஃபோர்னியாவில் டௌனி என்ற ஊரில் பட்டறை வைத்திருந்தவர். மோட்டார் சைக்கிள் பைத்தியம், கை தேர்ந்த இரும்பு வேலைக்காரர். 1948ல் ஸ்பீடி வெஸ்ட்டுக்கு ஒரு பெடல் ஸ்டீல் செய்து கொடுத்தார். ஒற்றை ஆள் பட்டறை என்பதால் அவர் செய்தது கொஞ்சம்தான், வரிசையில் நிற்கணும். அவர்கிட்ட வாங்கினவர்களில் ஒருத்தர் பட் ஐசக்ஸ். வெப் பியர்ஸ் பாடி 1954ல் முதலிடம் பிடித்த 'ஸ்லோலி' என்ற பாட்டில் ஐசக்ஸ் ஒரு காரியம் பண்ணினார். அதுவரைக்கும் பெடலை மிதிப்பது அடுத்த கார்டுக்குத் தயாராவதற்குத்தான். இவர் தந்தி ஒலிச்சுக்கிட்டு இருக்கும்போதே மிதித்தார். ஒரு ஸ்வரம் நிற்க, பக்கத்து ஸ்வரம் வழுக்கி ஏறி அதோடு போய்ச் சேர்ந்தது. அவ்வளவுதான், அமெரிக்காவில் ஸ்டீல் வாசிக்கிறவங்க எல்லாருக்கும் அந்தச் சத்தம் வேணும். பிக்ஸ்பியோ ஒருத்தர். கைக்குக் கிடைச்ச கம்பியை வளைச்சு வீட்டு கராஜிலேயே பெடல் மாட்டிக்கிட்டவங்க எத்தனையோ பேர்.

அடுத்த 20 வருஷம்தான் விலைக் கதையின் மையம். நாஷ்வில்லில் ஷாட் ஜாக்சனும் பட்டி எமன்ஸும் சேர்ந்து 50களில் ஷோ-பட் ஆரம்பித்தார்கள். ஷாட், பட்டி ரெண்டு பேரையும் ஒட்டின பேர். பொடிப் புள்ளி போட்ட மேப்பிள் மரம், ஃப்ரெட் போர்டில் சீட்டுக்கட்டின் ஸ்பேட், ஆர்ட்டின், கிளாவர், டைமண்ட். பார்க்கவே அழகு. ஃபெண்டர் கம்பெனியும் 50களின் கடைசியில் 400, 1000 என்று இறக்கியது. கழுத்துக்கு எட்டே தந்தி, கேபிளும் கப்பியும் வைத்து இழுக்கிற ஏற்பாடு. 1962ல் எமன்ஸ் தன் சுருதியில் மேலே ரெண்டு தந்தியைப் புதுசா நுழைத்தார். 1963ல் ஜாக்சனை விட்டுப் பிரிந்து, வட கரோலினாவில் ரான் லாஷ்லியோடு சேர்ந்து தன் பேரிலேயே கம்பெனி தொடங்கினார். அவங்க கொண்டுவந்தது 'புஷ்-புல்' இயந்திரம். கூடவே முழங்கால் லீவர்கள் ஒண்ணு, ரெண்டு, நாலுன்னு ஏறிக்கிட்டே போச்சு.

இன்னைக்கு ஈ9 சுருதிக்கு 10 தந்தி, மூணு பெடல், குறைஞ்சது நாலு முழங்கால் லீவர் என்பது எழுதாத சட்டம். பாட்டு எல்லாம் அதை நம்பித்தான் இருக்கு. உதாரணத்துக்கு முதல் ரெண்டு பெடலைச் சேர்த்து மிதிச்சா 'பி' தந்தி 'சி ஷார்ப்' ஆகும், 'ஜி ஷார்ப்' 'ஏ' ஆகும். கை நகராமலே ஈ மேஜர் ஏ மேஜரா மாறிடும். லீவர் இல்லாத கிடாரில் பாதி வித்தை வராது.

இப்ப விலைக்கு வாங்க. சாதா எலக்ட்ரிக் கிடாரில் 1954லேயே வடிவம் நின்னுடுச்சு. அந்த வருஷத்து ஸ்ட்ராட்டோகாஸ்டரும் போன வாரம் வாங்கினதும் வாசிக்கிறவன் கையில் ஒண்ணுதான். அதனால பழசுக்கு மவுசு. பணக்காரன் வாங்கிச் சுவத்துல மாட்டுவான், விலை பல பத்தாயிரம் டாலருக்குப் போகும். அதே ஃபெண்டர் அதே காலத்தில் செய்த 1000 பெடல் ஸ்டீல் அதில் ஒரு சின்னப் பங்குக்குத்தான் போகும். ஏன்னா இது வளர்ந்துக்கிட்டே இருந்த இயந்திரம். பழசுன்னா வளர்ச்சி முடியாத கட்டத்தில் நின்னு போனதுன்னு அர்த்தம். (ஸ்னீக்கி பீட் கடைசி வரைக்கும் அந்த எட்டுத் தந்தி ஃபெண்டரில்தான் கலக்கினார் என்பது வேற விஷயம். அவர் மேதை, நாம இல்லை.) சுவத்துல மாட்டவும் முடியாது. ரெண்டு கழுத்துக் கிடார் பெட்டியோட 30 கிலோ தாண்டும், தூக்கினவன் இடுப்புக்குத்தான் தெரியும். வாங்குறவன் எல்லாம் வாசிக்கிறவன். அவன் வருஷத்துக்குப் பணம் தரமாட்டான், வேலை செய்யுதான்னு பார்ப்பான்.

விதிவிலக்கு உண்டு. பிக்ஸ்பி கிடைச்சா அது சேகரிப்பாளர் பொருள், நம்ம பர்ஸுக்கு எட்டாது. எமன்ஸ் புஷ்-புல் சரி பண்ணத் தலைவேதனை, ஆனா அந்தச் சத்தத்துக்காக விலை நிற்குது. ஷோ-பட் நடுவுல இருக்கு. கம்பெனி கை மாறி 80களில் நின்றே போயிருச்சு. நல்ல மாடலும் இருக்கு, என் மேவரிக் மாதிரி மாணவர் மாடலும் இருக்கு. மேவரிக்ல லீவர் சேர்க்கவே கஷ்டம். அதைத்தான் வாத்தியார் கவிழ்த்துப் பார்த்துக் கண்டுபிடிச்சார்.

இனி ஏமாற்ற இருந்த கதை. 2019ல் டாலஸுக்கு வடக்கே ரெண்டு மணி நேரத் தொலைவில் ஒரு சின்ன ஊர். ஒரு அம்மா, 70 வயசு தாண்டியிருக்கும். வீட்டுக்காரர் வார இறுதிகளில் டான்ஸ் ஹாலில் வாசித்தவர், இறந்து ஒரு வருஷம். கிடார் கட்டிலடியில். "ஆயிரம் டாலர் கொடுத்தா எடுத்துட்டுப் போங்க" என்றார் போனில். அடகுக் கடையில் 600 கேட்டார்களாம். படத்தைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு, ஷோ-பட் ப்ரோ 2, ரெண்டு கழுத்து, எட்டு பெடல், நாலு லீவர். மனசுக்குள்ள தபேலா அடிச்சுது. வழி பூரா "கேட்ட விலை கொடுக்கிறது தப்பா என்ன?" என்று எனக்கு நானே வக்கீலா வாதாடிக்கிட்டே வண்டி ஓட்டினேன்.

போனதும் அனுமதி வாங்கிக் கவிழ்த்தேன். அப்பத்தான் கணக்கு ஆரம்பிச்சுது. ஷோ-பட்டில் சீரியல் நம்பரை வெச்சு வருஷம் சொல்றது ஜோசியம் மாதிரி. உள்ளே இருக்கிற இரும்பைப் பார்த்துத்தான் சொல்லணும். 70களின் நடுப்பகுதி என்று பட்டது. இழுவைக் கம்பிகள் நேரா இருந்தன. ஆனா அந்தக் காலத்தில் சில உதிரிகளை மட்டமான வார்ப்பு உலோகத்தில் போட ஆரம்பிச்சிருந்தாங்க. அதுல ரெண்டு விரிசல் விட்டிருந்தது. இன்னைக்கும் அதுக்கு மாற்று செய்து தர்ற சின்னப் பட்டறைகள் இருக்கு, காசுதான். சேஞ்சர் விரல்களில் (தந்தி வந்து மடங்குற அலுமினியத் துண்டுகள்) தந்தி தேய்ச்ச தடம் லேசா. பிக்கப்பை மீட்டரில் வெச்சேன், உயிர் இருக்கு. அப்புறம் 'கேபினட் டிராப்'. பெடலை மிதிக்கும்போது மரச்சட்டமே கொஞ்சம் வளைஞ்சு, இழுக்காத தந்தியும் சுருதி இறங்கும். நாலாவது தந்தியை மீட்டி முதல் ரெண்டு பெடலையும் மிதிச்சு ட்யூனரைப் பார்க்கணும். ரெண்டு மூணு சென்ட் பரவாயில்லை. இது ஆறு காட்டியது. காதுக்குத் தெரியும், ஆனா கொல்லாது.

வலைத்தளங்களில் இதே மாடலுக்கு 4,500 வரைக்கும் கேட்பாங்க. கேட்கிற விலை வேற, கைமாறின விலை வேற. எனக்குத் தெரிஞ்ச வாசிப்பாளர்களுக்குள்ள கைமாறினது 2,800 பக்கம். அதுல பழுதுக்கு 400 கழிச்சா 2,400. நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கூட்டிக் கழிச்சுட்டு நிமிர்ந்தா, அந்தம்மா ஐஸ் டீயோட நிக்கறாங்க. "ஆயிரம் ஜாஸ்தியா?"ன்னு கேட்டாங்க.

உண்மையைச் சொல்லணும்னா, மூணு விநாடி பேச்சே வரலை. அப்புறம் நோட்டை அவங்க பக்கம் திருப்பிக் காட்டினேன். விரிசலையும் காட்டினேன். அவங்க முகத்துல சந்தோஷத்தை எதிர்பார்த்தேன். வந்தது சந்தேகம்! "அப்போ இது இன்னும் அதிகம் போகுமா? எதுக்கு இதை என்கிட்ட சொல்றீங்க?" நியாயமான கேள்விதானே. மேவரிக் கதையைச் சொன்னேன். வேற ரெண்டு பேரிடம் விசாரிச்சுட்டுக் கூப்பிடுங்கன்னு சொல்லி, அதே வாத்தியார் நம்பரையும் கொடுத்துட்டு வெறுங்கையோட திரும்பினேன். வீட்டுல தங்கமணி "தர்மப்பிரபு வந்துட்டாரு" என்று வரவேற்றது தனிக் கதை. :-)

ஒன்பது நாள் போன் வரலை. பத்தாவது நாள் வந்தது. வேறொருத்தர் 2,500 சொன்னாராம், ஆனா அவர் கவிழ்த்துப் பார்க்கவே இல்லையாம், அதனால அவர் மேல நம்பிக்கை வரலையாம். 2,400க்கே தர்றேன், உட்காருற பெட்டியையும் எடுத்துக்கோங்க, அவரோட இரும்பு உருளை மட்டும் எனக்கு வேணும்னாங்க. சரின்னேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து ட்யூன் பண்ணி மிதிச்சா எல்லாம் தலைகீழ்! பெடல் வரிசையில் ரெண்டு சம்பிரதாயம் உண்டு. பெரும்பாலோர் எமன்ஸ் முறை, சிலர் ஜிம்மி டே முறை, அதுல மூணு பெடலும் இடம்-வலமா மாறியிருக்கும். அந்தப் பெரியவர் டே கட்சி. அடியில் மரத்தில் பென்சிலால் எந்தப் பெடல் எந்தத் தந்தி என்று சின்னக் கையெழுத்தில் எழுதியிருக்கார், கவிழ்த்தப்பவே பார்த்தேன், புரிஞ்சிருக்கணும். விலை கணக்குல இதுக்குத் தனியா 100 கழிச்சிருக்கலாம். கம்பிகளை மாத்திக் கட்ட ஒரு சாயங்கால வேலைதான். இன்னும் மாத்தலை. இடது கால் பழக்கதோஷத்துல தப்பான பெடலுக்குப் போகுது, நடுவுல நிறுத்தி மறுபடி ஆரம்பிக்கிறேன்.