கண்ணாடிச் சுவரும் கத்தரிக்கோலும்

காசியப்ப மன்னன் காலத்துச் சீகிரியா ஓவிய மகளிரைக் கண்டோர், அருகிலுள்ள கண்ணாடிச் சுவரில் பாட்டெழுதினர். சிலர் அழகைப் புகழ்ந்தனர். சிலர் வாய்திறவா அம்மகளிரின் கல்நெஞ்சைக் கடிந்தனர். அவற்றுள் 685 சிங்களப் பாடல்களைப் பரணவிதான 1956இல் பதிப்பித்தார். சொல்லுக்குச் சொல்லே விடையாயிற்று, ஓவியம் பிழைத்தது.

1967இலோ, எவரோ ஓவியங்கள்மீது பச்சை வண்ணம் பூசினர். கறை கண்ணுக்குத் தெரிந்தது, வல்லுநர் அகற்றினர்.

தொலைக்காட்சிக் கேலிச்சித்திரங்களுக்கும் தணிக்கை உண்டு. 2011இல் புகுஷிமா அணுஉலை விபத்தையடுத்து, ஆஸ்திரிய ஒளிபரப்பு நிலையம் ‘சிம்ப்சன்ஸ்’ தொடரின் இரு பகுதிகளை நிறுத்தியது. துயருற்றோரை மதித்தல் நன்றே. அச்செயலும் செய்தியாக வெளிவந்தது. சொல்லாமல் வெட்டிய காட்சியையோ பார்ப்போர் அறியார். அறியாததற்கு மறுமொழி எழுதச் சுவரேது? வெட்டுவோர், வெட்டியதை அறிவித்தலே முறை.