ஃபிளேவனாய்டுகளின் உடல்வழி மாற்றமும் அழற்சி ஆய்வும்: ஒரு வரலாற்று நோக்கு (1936–2008)

முன்னுரை

தாவரங்களின் பூ, கனி, இலை, தோல் ஆகியவற்றில் உள்ள ஃபிளேவனாய்டுகள் அழற்சியைத் தணிக்கும் என்னும் கருத்து இன்று பரவலாக வழங்குகிறது. இதற்குச் சான்றாகக் காட்டப்படுவனவற்றுள் பல, தாவரச் சாற்றை உயிரணுக்களின்மீது நேரடியாக இட்டுப் பெற்ற முடிவுகளாகும். ஆயின், உண்ட பொருள் குடலையும் கல்லீரலையும் கடந்தே குருதியில் பரவுகிறது. அவ்வழியில் அது அடையும் மாற்றம் எவ்வாறு படிப்படியாகப் புரிந்துகொள்ளப்பட்டது என்பதை, குவெர்செடின் என்னும் சேர்மத்தை முதன்மையாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. முதலில் இழப்பாகக் கருதப்பட்ட மாற்றமே பின்னர்ச் செயல்பாட்டின் ஒரு படியாக உணரப்பட்டது என்பது இதன் கருதுகோளாகும்.

உயிர்ச்சத்தாகக் கருதப்பட்ட காலம்

ஹங்கேரியின் செகெட் நகரில் உயிர்ச்சத்து சி குறித்து ஆராய்ந்த ஆல்பர்ட் சென்ட்-ஜியோர்ஜி, தம் சக ஆய்வாளர்களுடன் 1936இல் ஒரு கருத்தை முன்வைத்தார். நுண்குழாய்களின் சுவர் நலிந்து குருதி கசியும் நோயாளிகளிடம் தூய அஸ்கார்பிக் அமிலம் பயன் தரவில்லை; எலுமிச்சை, மிளகாய் ஆகியவற்றின் சாறு பயன் தந்தது. சாற்றிலிருந்த ஃபிளேவனாய்டுகளே இதற்குக் காரணம் எனக் கருதிய அவர்கள், அவற்றை உயிர்ச்சத்து 'பி' என்றனர். ஊடுருவல் எனப் பொருள்படும் 'பெர்மியபிலிட்டி' என்ற சொல்லின் முதலெழுத்தே அது. பி தொகுதி உயிர்ச்சத்துகளோடு இதற்குத் தொடர்பில்லை. குழாய்ச் சுவரின் கசிவு அழற்சியின் அடிப்படைக் கூறுகளுள் ஒன்றாதலின், ஃபிளேவனாய்டு ஆய்வு தொடக்கத்திலேயே அழற்சியைத் தொட்டுச் சென்றது எனலாம். எனினும் உயிர்ச்சத்துக்குரிய இன்றியமையாமை நிறுவப்படவில்லை. 1950இல் அமெரிக்க அறிஞர் குழு அப்பெயரைக் கைவிடுமாறு பரிந்துரைத்தது.

மறைந்த சேர்மம்

உண்ட ஃபிளேவனாய்டு என்னவாகிறது என்னும் வினா அடுத்து எழுந்தது. 1956இல் பூத், டீஈட்ஸ் முதலியோர் ருட்டினையும் குவெர்செடினையும் உட்கொண்ட பின் சிறுநீரில் சிறிய ஃபீனாலிக் அமிலங்கள் தோன்றுவதைக் காட்டினர். மூலக்கூறின் வளையம் உடைபடுகிறது என்பதற்கு இது சான்றாயிற்று. 1975இல் குக்லர் குழுவினர் தன்னார்வலர்களுக்கு 4 கிராம் தூய குவெர்செடினை உண்ணக் கொடுத்தனர். குருதியிலோ சிறுநீரிலோ அது தென்படவில்லை. ஏறத்தாழப் பாதி மலத்தில் வெளியேறியது. எஞ்சியதைக் குடல் நுண்ணுயிரிகள் சிதைத்திருக்கலாம் என அவர்கள் கருதினர். உடலுக்குள் நுழையாத பொருள் உடலில் எவ்வாறு செயற்படும் என்ற ஐயம் இதனால் வலுப்பெற்றது.

வெங்காயம் காட்டிய வழி

1993இல் நெதர்லாந்தின் சுட்ஃபென் நகர முதியோர் 805 பேரிடம் நிகழ்த்திய ஆய்வை ஹெர்டாக் குழுவினர் வெளியிட்டனர். தேநீர், வெங்காயம், ஆப்பிள் ஆகியவற்றின் வழி ஃபிளேவனாய்டுகளை மிகுதியாகப் பெற்றோரிடையே இதயநோய் இறப்பு குறைந்திருந்தது. முந்தைய ஐயத்தோடு இம்முடிவு முரண்பட்டது. 1995இல் ஹோல்மன் குழுவினர், பெருங்குடல் நீக்கப்பட்டவர்களிடம் உறிஞ்சலை அளந்தனர். வெங்காயத்திலிருந்து 52 விழுக்காடும், தூய குவெர்செடினிலிருந்து 24 விழுக்காடும், ருட்டினிலிருந்து 17 விழுக்காடும் உறிஞ்சப்பட்டன. வெங்காயத்தில் குவெர்செடின் குளுக்கோஸுடன் பிணைந்துள்ளது. பால் சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் நொதியே அப்பிணைப்பையும் வெட்டுகிறது என்பதை 2000இல் டே குழுவினர் காட்டினர். பிணைந்துள்ள சர்க்கரையின் வகையே உறிஞ்சலின் அளவையும் இடத்தையும் பெரிதும் முடிவு செய்கிறது என்பது இதனால் தெளிவாயிற்று.

அழற்சி அவிழ்க்கும் பிணைப்பு

உறிஞ்சப்பட்ட குவெர்செடின் குடற்சுவரிலும் கல்லீரலிலும் குளுக்குரோனிக் அமிலத்துடனோ சல்பேட்டுடனோ பிணைகிறது. நீரில் எளிதிற் கரையும் இவ்வடிவம் பொதுவாக வீரியம் குறைந்தது, விரைவில் வெளியேற்றப்படுவது. 2001இல் ஷிமோய் குழுவினர் இதற்கு வேறொரு விளக்கம் அளித்தனர். அழற்சியின்போது நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் வெளியிடும் பீட்டா-குளுக்குரோனிடேஸ் என்னும் நொதி, லூட்டியோலின் என்னும் ஃபிளேவனாய்டின் பிணைப்பை அவிழ்த்து அதனை விடுவிக்கிறது. 2008இல் கவாய், தெராவோ முதலிய ஜப்பானிய ஆய்வாளர்கள், நோயுற்ற மனிதப் பெருந்தமனியின் விழுங்கணுக்களில் குவெர்செடின் குளுக்குரோனைடு சேர்ந்திருப்பதைக் கண்டனர். நோயற்ற தமனியில் அது காணப்படவில்லை. வளர்ப்பு விழுங்கணுக்கள் அதன் பிணைப்பை அவிழ்ப்பதும் அறியப்பட்டது. ஆகவே, பிணைந்த வடிவத்தைக் கழிவாக மட்டும் கருதாது, தேவைப்படும் இடத்தில் மருந்தை இறக்கும் ஊர்தியாகவும் கருத இடமுண்டு.

முடிவுரை

இக்கண்டுபிடிப்புகள் ஒரு செயல்வழியைக் காட்டுகின்றனவேயன்றி, உணவால் அழற்சி நோய் தீரும் என்று நிறுவவில்லை. குடல் நுண்ணுயிர்த் தொகுதி ஆளுக்கு ஆள் வேறுபடுவதால் ஒரே உணவின் விளைவும் வேறுபடலாம். உணவுக்குப் பின் குருதியில் காணப்படும் அளவு பெரும்பாலும் ஒரு மைக்ரோமோலாரை ஒட்டியோ அதனினும் குறைந்தோ அமைய, ஆய்வுக்கூடச் சோதனைகள் பல அதனினும் பன்மடங்கு செறிவைக் கையாள்கின்றன. எனவே, மருத்துவத் தாவரங்களை ஆராய்வோர் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும்: தாவரத்தில் அச்சேர்மம் எவ்வடிவில் உள்ளது? குருதியை எவ்வடிவில் அடைகிறது? எவ்வளவு செறிவில் அடைகிறது? இவற்றுக்கு விடை காணாது 'அழற்சி எதிர்ப்புத் திறன் உடையது' என எழுதுவது, 1936இல் சாற்றின் பயனைக் கண்டவுடன் உயிர்ச்சத்து எனப் பெயரிட்ட அவசரத்தையே மீண்டும் நிகழ்த்துவதாகும்.