ஜம்பரும் ஒரு தாளும்: சர்வர் செட்டிங்கின் சின்ன வரலாறு

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தது. ஒரு சர்வரின் பயாஸ் பாஸ்வேர்டு யாருக்கும் ஞாபகம் இல்லை. "ஜம்பரை மாத்திப் போடு, அழிஞ்சிடும்" என்றார் சீனியர். மூடியைக் கழற்றினேன். மதர்போர்டில் மூன்று முட்கள். ஒன்றையும் இரண்டையும் சேர்த்திருந்த குட்டி பிளாஸ்டிக் தொப்பியை எடுத்து, இரண்டுக்கும் மூன்றுக்கும் போட்டேன். பாஸ்வேர்டு போயிற்று. கூடவே மற்ற எல்லா செட்டிங்கும் போயிற்று. டிஸ்குகள் ரெய்டு முறையில் இருந்ததை யாரும் எழுதி வைக்கவில்லை. சர்வர் பூட் ஆகவில்லை. டேட்டா எல்லாம் டிஸ்கில் பத்திரமாகத்தான் இருந்தது, ஆனால் அது தெரியவே விடிந்துவிட்டது. பழைய செட்டிங்கை முதலில் ஒரு தாளில் எழுதியிருந்தால் பத்து நிமிஷ வேலை.

அந்த ராத்திரிக்கு அப்புறம்தான் இந்த செட்டிங்குகள் எங்கிருந்து வந்தன என்று தேட ஆரம்பித்தேன்.

1981 ஆகஸ்டில் வந்த ஐபிஎம் பிசியின் மதர்போர்டில் இரண்டு டிப் ஸ்விட்ச் கட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் எட்டு ஸ்விட்ச். எத்தனை ஃபிளாப்பி, எவ்வளவு மெமரி, என்ன டிஸ்பிளே என்பதையெல்லாம் இந்தக் குட்டி ஸ்விட்சுகளில்தான் சொல்ல வேண்டும். மாற்ற வேண்டுமென்றால் மெஷினை அணைத்து, ஸ்க்ரூ கழற்றி, உள்ளே கை விட வேண்டும். தொல்லைதான். ஆனால் அதில் ஒரு நல்லது உண்டு. என்ன செட்டிங் என்று கண்ணாலேயே பார்க்கலாம், கரண்ட் போனாலும் அது மறக்காது, எந்த புரோகிராமும் அதைத் தொட முடியாது.

1984-ல் பிசி/ஏடி வந்தபோது பெரும்பாலான செட்டிங்குகள் ஒரு மோட்டோரோலா சிப்புக்குப் போயின. மொத்தம் 64 பைட். கடிகாரத்துக்கு 14, மீதி 50-ல் செட்டிங். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், ஒரு டிஸ்கெட்டைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் இப்போது எல்லாம் ஒரு பேட்டரியை நம்பி இருந்தது. அதனால்தான் செட்டிங்கோடு அதன் கூட்டுத்தொகையையும் சேர்த்தே வைத்தார்கள். ஆன் செய்யும்போது கணக்கு இடித்தால் எரர் வரும். இரும்பு சும்மா கொடுத்த பாதுகாப்பை, சாஃப்ட்வேரில் யோசித்து யோசித்துக் கட்ட வேண்டியிருந்தது.

அடுத்து பயாஸே ஃபிளாஷ் மெமரிக்கு வந்தது. 1999 ஏப்ரல் 26 அன்று சிஐஎச் என்ற வைரஸ் விழித்துக்கொண்டு, மாட்டிய மெஷின்களில் அந்த ஃபிளாஷைக் குப்பையால் நிரப்பியது. மெஷின் உயிர் போனது போலத்தான். சிப்பை மாற்றவோ திரும்ப எழுதவோ வேண்டும். எழுதுவதைத் தடுக்கும் ஜம்பர் சில போர்டுகளில் இருந்தது. அதைப் பூட்டி வைத்தவர்கள் தப்பினார்கள். பிறகு சில போர்டுகளில் இரண்டாவதாக ஒரு பயாஸ் சிப்பும் வந்தது.

அதோடு முடியவில்லை. யூஇஎஃப்ஐ காலத்தில் லினக்ஸ் அந்த செட்டிங்குகளை ஃபைல்களாகக் காட்டியது. 2016-ல், எல்லா ஃபைலையும் அழிக்கும் கட்டளை சில லேப்டாப்புகளின் செட்டிங்கையும் சேர்த்தே அழித்து, அவை திரும்ப எழவே இல்லை. லினக்ஸ் 4.5 முதல் முக்கியமானவற்றைச் சுலபத்தில் அழிக்க முடியாதபடி பூட்டினார்கள்.

சர்வரில் இன்னொரு சிக்கல். 1995-ல் ஏடிஎக்ஸ் வந்ததிலிருந்து, பட்டனை அமுக்கி அணைத்தாலும் போர்டில் 5 வோல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். 1998-ல் ஐபிஎம்ஐ வந்தது. அதன்படி வேலை செய்யும் தனிச் சிப், சர்வர் அணைந்திருந்தாலும் விழித்திருக்கும். தூரத்திலிருந்து ஆன் செய்ய அது வேண்டும். ஆனால் ஜம்பரில் கை வைக்கிறவருக்கு, அணைந்த சர்வர் நிஜமாக அணைந்ததல்ல. போதாததற்கு பவர் சப்ளை இரண்டு இருக்கும். ஒரு வயரை மட்டும் பிடுங்கிவிட்டு உள்ளே கை விடுபவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

அதனால் என் வழக்கம் இதுதான். முதலில் பயாஸின் எல்லாப் பக்கங்களையும் ஃபோட்டோ எடுப்பேன். இரண்டு வயரையும் பிடுங்கி, போர்டில் உள்ள லைட் அணையும் வரை காத்திருப்பேன். ஸ்டாட்டிக் வராமல் இருக்க மணிக்கட்டுப் பட்டையை மாட்டுவேன். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். பூட் ஆகிறதா என்று பார்த்த பிறகே அடுத்தது.

நான் பார்த்துக்கொள்ளும் சர்வர்களின் மூடிக்கு உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கும். ரெய்டு என்ன, பூட் வரிசை என்ன, கடைசியாக யார் எப்போது மாற்றியது எல்லாம் அதில் பேனாவால் எழுதியிருக்கும். அந்தத் தாளுக்கு பேட்டரி வேண்டாம்.