புகாரை எழுதுவது யார்?

எங்கள் கல்லூரியில் அதை எல்லோரும் ‘விசாகா கமிட்டி’ என்றுதான் சொல்வார்கள். அதில் நான் உறுப்பினரான முதல் ஆண்டில், ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் ஒருவர் துறை வாசலில் நின்று தன் மேற்பார்வையாளரைப் பற்றித் தணிந்த குரலில் சொன்னார். “எழுதிக் குடுங்கம்மா, குழுவுல வைக்கிறேன்” என்றேன். “எனக்கு எழுத வராதுங்க மேடம்” என்றார். வீட்டில் யாரையாவது எழுதச் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டேன். வீட்டில் சொல்ல முடியாததால்தான் என்னிடம் வந்தார் என்பது அப்போது உறைக்கவில்லை. அவர் மறுபடி வரவில்லை. அந்த ஆண்டறிக்கையில் ‘பெறப்பட்ட புகார்கள்: இல்லை’ என்றிருந்தது. அதன்கீழ் என் கையெழுத்தும் இருக்கிறது.

குழுவின் பெயரைக் கேட்டால் விசாகா ஒரு பெண்ணின் பெயர் என்று மாணவிகள் சொல்கிறார்கள். அது வழக்குத் தொடுத்த அமைப்புகளில் ஒன்றின் பெயர். வழக்குக்குக் காரணமான பெண் பன்வாரி தேவி. ராஜஸ்தானின் பட்டேரி கிராமத்தில், மாநில அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் ‘சாத்தின்’, அதாவது தோழி, என்ற பொறுப்பில் இருந்தவர். குயவர் சாதியைச் சேர்ந்தவர். குழந்தைத் திருமணங்களைத் தடுப்பது அவருக்கு இடப்பட்ட வேலைகளுள் ஒன்று. ஆதிக்கச் சாதிக் குடும்பம் ஒன்றில், பிறந்து ஓராண்டுகூட ஆகாத பெண் குழந்தைக்கு நடக்கவிருந்த திருமணத்தைத் தடுக்க முயன்றார். 1992 செப்டம்பர் 22 அன்று, வயலில் கணவர் கண்முன்னே கூட்டு வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டார். 1995இல் விசாரணை நீதிமன்றம் வல்லுறவுக் குற்றச்சாட்டிலிருந்து அனைவரையும் விடுவித்தது. மேல்முறையீடு ஆண்டுக்கணக்கில் கிடப்பில் கிடந்தது.

பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றத்தில் வேறொரு கேள்வியை வைத்தன. வேலை செய்ததற்காக ஒரு பெண் தாக்கப்பட்டால், வேலை கொடுத்தவரின் பொறுப்பு என்ன? பன்வாரிக்கு வேலை கொடுத்தது அரசு. அவருடைய பணியிடம் ஊரும் வயல்வெளியும். 1997 ஆகஸ்ட் 13 அன்று, தலைமை நீதிபதி ஜே.எஸ். வர்மா, சுஜாதா மனோகர், பி.என். கிர்பால் அடங்கிய அமர்வு, பாலியல் துன்புறுத்தலைத் தடுப்பது வேலையளிப்பவரின் கடமை என்று சொல்லி, புகார்க் குழுக்களுக்கான நெறிமுறைகளை வகுத்தது. அந்தத் தீர்ப்பில் பன்வாரியின் பெயர் இல்லை. ராஜஸ்தான் கிராமமொன்றின் சமூக சேவகி என்ற அளவில்தான் அவர் அதில் இருக்கிறார்.

நெறிமுறைகள் சட்டமாக மேலும் 16 ஆண்டுகள் ஆயின. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். மூத்த பெண் ஊழியர் தலைவர். உறுப்பினரில் பாதிப்பேராவது பெண்கள். வெளி உறுப்பினர் ஒருவர். மூன்று மாதங்களுக்குள் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் இது பொருந்தும். குழு அமைக்காத வேலையளிப்பவருக்கு 50,000 ரூபாய் வரை அபராதம்.

இந்த அபராதம்தான் மனிதவளத் துறைகளுக்கு மனப்பாடம். ஆகவே குழுவின் பெயர்ப்பலகை சுவரில் ஏறுகிறது, ஆண்டுக்கொரு பயிலரங்கு நடக்கிறது, அறிக்கை போகிறது. குழுவை நியமிப்பவரும் வேலையளிப்பவரே. அதன் பரிந்துரையை நிறைவேற்றுபவரும் அவரே. புகாரே வராத ஆண்டு நல்ல ஆண்டாகக் கணக்கில் சேர்கிறது.

அதே சட்டத்தின் 9ஆம் பிரிவை நான் தாமதமாகத்தான் கவனித்துப் படித்தேன். எழுத்தில் புகார் தர இயலாத பெண்ணுக்கு, அதை எழுத்தில் கொண்டுவரத் தேவையான உதவியைக் குழுவினர் செய்து தர வேண்டும் என்கிறது அது. தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவள் நான். நாலு வரி எழுதித் தந்திருக்கலாம் என்பது மட்டுமில்லை, எழுதித் தருவது என் கடமை. புகார் என்றதும் எங்கள் துறைக்குக் காவிரிப்பூம்பட்டினம் நினைவுக்கு வரும். முறையீடு என்ற பொருளில் வழங்கும் புகார் வேறு சொல், இந்துஸ்தானியிலிருந்து வந்தது. அங்கே அதற்கு உரக்க அழைத்தல் என்று பொருள். நம் அலுவலகங்களில் அந்த அழைப்பு தாளில் இருந்தால்தான் காதில் விழுகிறது.

2021 ஜனவரியில் திண்டுக்கல் வட்டாரத்தில், ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அவருக்குத் தொல்லை கொடுத்துவந்த மேற்பார்வையாளர் கைதானார். அதன்பின் பெண்கள் தலைமையிலான டி.டி.சி.யு. தொழிற்சங்கம் நடத்திய போராட்டத்தின் விளைவு, 2022 ஏப்ரலில் உருவான திண்டுக்கல் ஒப்பந்தம். ஆலை நிர்வாகத்தோடு சங்கம் கையெழுத்திட்டது. அங்கே ஆடை வாங்கும் பன்னாட்டு நிறுவனங்களும் தனி ஒப்பந்தங்களால் கட்டுப்பட்டன. தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைத் தேர்ந்து பயிற்சி கொடுத்தார்கள். புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்பதும், ஆலை மீறினால் வணிகம் பாதிக்கப்படும் என்பதும் ஒப்பந்தத்தில் உண்டு. தையல் எந்திரத்தை விட்டு எழுந்து மனிதவள அறைவரை போகத் துணியாத பெண், பக்கத்து வரிசைக்காரியிடம் சொல்லலாம்.

சட்டம் தந்த குழுவை நான் குறைத்துப் பேசவில்லை. பன்வாரி கொடுத்த விலை அது. ஆனால் அந்தக் குழு வேலை செய்ய, வேலையளிப்பவருக்கு வெளியேயும் பெண்களுக்கு ஒரு பலம் வேண்டும் என்பதைத் திண்டுக்கல் காட்டியது.

இப்போது குழுக் கூட்டங்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துப் போகிறேன். யாராவது சொல்ல வந்தால், அவர் சொல்லச் சொல்ல அவர் சொற்களிலேயே எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்குகிறேன். இதுவரை மூன்று புகார்கள் எழுதியிருக்கிறேன். துறை வாசலில் நின்ற அந்தப் பெண்ணுடையது அவற்றில் இல்லை.